பெயர் இல்லாமல் போன கடிதம்

கேள்வி: மின்கையொப்ப மென்பொருள் வழியே 300 பேருக்கு ஒப்பந்தம் அனுப்புகிறேன். மின்னஞ்சலில் அவரவர் பெயரும் கெடு தேதியும் தனித்தனியாக வருமா?

பதில்: உங்கள் மென்பொருளில் அந்த வசதி இருந்தால் தாராளமாக வரும். மொத்தமாக அனுப்ப நீங்கள் ஏற்றும் சிஎஸ்வி கோப்பில் (விவரங்களை அட்டவணையாக வைக்கும் எளிய உரைக்கோப்பு) ஆளுக்கு ஒரு வரி, விவரத்துக்கு ஒரு பத்தி (மேலிருந்து கீழாக வரும் நெடுவரிசை). பத்தித் தலைப்பும், மடலில் அந்த விவரம் வந்து நிரம்ப நீங்கள் வைத்த புலத்தின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். ஒருமுறை பெயர்ப் பத்தியில் சில கட்டங்களை நிரப்பாமல் விட்டேன். “அன்புள்ள” என்ற சொல்லுக்குப் பின் வெறும் காற்புள்ளியோடு கடிதம் போய்விட்டது. இன்றும் அது எனக்கு உறுத்துகிறது. தமிழ்ப் பெயர்கள் இருந்தால் கோப்பை யுடிஎஃப்-8 (தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் குறியீட்டு முறை) வடிவில் சேமியுங்கள். இல்லையேல் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும். முதலில் கோப்பில் இரண்டு வரிகள் மட்டும் வைத்து, உங்கள் முகவரிக்கே அனுப்பிப் பாருங்கள்.