ஆர்.சி.சி.பி.யைக் கழற்றிவிடலாமா?

கேள்வி: எங்கள் கீசர் 15 லிட்டர், 2,000 வாட். போர்வெல் தண்ணீர்தான். சுவிட்சைப் போட்டு ஐந்தாறு நிமிடத்தில் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்டை வெட்டும் கருவி) விழுந்து, வீடு முழுக்கக் கரண்ட் போய்விடுகிறது. அதற்குள் தண்ணீரும் வெதுவெதுப்பாகிவிடுகிறது. "காயில் நல்லா இருக்கு, ஆர்.சி.சி.பி.தான் கோளாறு, கழற்றிவிட்டு நேரா கொடுத்திடலாம்" என்கிறார் எலெக்ட்ரீஷியன். செய்யலாமா?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை வெட்டுவதற்காக வைத்த கருவி அது. ஈரக் காலோடு ஷவரின் கீழ் நிற்பவரைக் காப்பாற்ற வேறு எதையும் நம்ப முடியாது.

முதலில் கீசர் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. அது ஃபேஸை வெட்டும், நியூட்ரல் இணைந்தேதான் இருக்கும். பிளக் இல்லாமல் ஒரு நாள் முழுக்க ஆர்.சி.சி.பி. விழாமல் நின்றால், சந்தேகம் கீசர் மேல்தான்.

தண்ணீர் சூடாவதால் காயில் நல்லது என்று முடிவு கட்ட முடியாது. காயிலின் இரண்டு முனைகளுக்கு இடையே அளந்தால் 26 ஓம் அளவில் சரியாகத்தான் காட்டும். பார்க்க வேண்டியது முனைக்கும் அதன் உலோக உறைக்கும் இடையே. உள்ளே இருக்கும் கம்பியைச் சுற்றி வெள்ளையாக மெக்னீசியம் ஆக்சைடு தூள் அடைத்திருப்பார்கள். உப்புப் படிந்த இடத்தில் சூடு வெளியேறாமல் உறை அரித்து, மயிரிழை விரிசல் விழுந்தால் அந்தத் தூள் ஈரத்தை உறிஞ்சிவிடும். சூடேற ஏற விரிசல் திறந்து, கசிவும் கூடும். ஐந்து நிமிடம் கழித்து டிரிப் ஆவது பெரும்பாலும் இதனால்தான். சாதாரண மல்டிமீட்டரில் இது தப்பிவிடலாம். வயர்களைக் கழற்றிவிட்டு 500 வோல்ட் மெக்கர் (மின்கசிவுத் தடையை அளக்கும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே போனால் காயிலை மாற்றிவிடுங்கள். அடி மூடியைத் திறக்கும்போது வாஷர் வழியாகத் தண்ணீர் கசிந்து முனைகள் நனைந்திருக்கின்றனவா என்றும் பார்க்கட்டும். அப்படியானால் வாஷரோடு வேலை முடிந்துவிடக்கூடும்.

காயில் மாற்றும்போதே புது வாஷர் போட்டு, ஆனோடு கம்பி (தொட்டி அரிக்காமல் இருக்கத் தான் கரையும் கம்பி) கரைந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். பிறகு வெந்நீர்க் குழாயில் தண்ணீர் சீராக வரும்வரை சுவிட்சைப் போடாதீர்கள். காலித் தொட்டியில் புதுக் காயில் எரிந்துபோகும்.

புதுக் காயில் போட்டும் ஆர்.சி.சி.பி. விழுந்தால் தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்தும் பாகம்), உள் வயர்கள், கடைசியாக ஆர்.சி.சி.பி. என்று வரிசையாகப் பார்க்கச் சொல்லுங்கள். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழவில்லை என்றால் அன்றே மாற்ற வேண்டும்.

கேள்வி: கீசர் பிளக்கின் ஒரு முள் மட்டும் கருத்து, பிளாஸ்டிக் உருகியிருக்கிறது. பிளக்கை மாற்றினால் போதுமா?

பதில்: போதாது. சாக்கெட்டின் உள்ளே பித்தளைப் பிடி தளர்ந்திருக்கும். புது பிளக்கும் ஒரு மாதத்தில் கருகும். இரண்டையும் மாற்றுங்கள். 2,000 வாட்டுக்கு 8.7 ஆம்பியர், 3,000 வாட்டுக்கு 13 ஆம்பியர் ஓடும். எனவே 16 ஆம்பியர் சாக்கெட், குறைந்தது 2.5 சதுர மி.மீ. செம்பு வயர், தனி எம்.சி.பி. (அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடினால் வெட்டும் சுவிட்ச்) வேண்டும். கருகிய வயர் நுனியைப் பளபளக்கும் செம்பு தெரியும்வரை வெட்டிவிட்டுத் திருகச் சொல்லுங்கள்.