‘ஒரிஜினல்’ என்று வாங்கிய தாய்மைச் சிலுவை போலியாக இருந்தால்?

கேள்வி: ஜெர்மனியில் வசிக்கிறேன். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பொதுமக்களுக்குத் தரப்பட்ட பதக்கங்களைச் சேகரிக்கிறேன். எட்டு மாதங்களுக்கு முன் இணைய ஏலத்தில் தங்கத் தரத் தாய்மைச் சிலுவை (அதிகக் குழந்தைகள் பெற்ற தாய்மாருக்கு நாஜி அரசு தந்த பதக்கம்) ஒன்றை விருதுச் சான்றிதழோடு 240 யூரோவுக்கு வாங்கினேன். ‘ஒரிஜினல், எங்கள் பாட்டியுடையது’ என்று விளம்பரம் சொன்னது. கீழே, ‘தனிநபர் விற்பனை, உத்தரவாதம் இல்லை’ என்றும் இருந்தது. இப்போது ஒரு மூத்த சேகரிப்பாளர் அது போலி என்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா? இல்லாவிட்டால் நானே விற்றுவிடலாமா?

பதில்: முதலில் விற்றவரின் பக்கத்தைத் திறந்து, அவர் வேறு என்னென்ன விற்றிருக்கிறார் என்று பாருங்கள். ஒரு பாட்டியிடம் எத்தனை சிலுவைதான் இருக்கும்? அவர் மாதாமாதம் பதக்கங்களாக விற்றுக்கொண்டிருந்தால், என்ன எழுதிக்கொண்டாலும் சட்டத்தின் பார்வையில் அவர் வியாபாரியாகவே கருதப்படலாம். வியாபாரியிடம் இணையத்தில் வாங்கியதைக் காரணமே சொல்லாமல் 14 நாளில் ரத்து செய்யலாம். அந்த உரிமையை அவர் உங்களுக்குத் தெரிவிக்கவே இல்லையென்றால், பொருள் கைக்கு வந்ததிலிருந்து 12 மாதமும் 14 நாளும் வரை அவகாசம் நீளும். எட்டு மாதம்தானே ஆகிறது? இந்த வழியில் பதக்கம் போலி என்று நீங்கள் நிரூபிக்கவே வேண்டாம். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

அவர் உண்மையிலேயே தனிநபர் என்றால்? அப்போதும் ‘உத்தரவாதம் இல்லை’ என்ற வரியைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பொருள் இப்படிப்பட்டது என்று ஒப்புக்கொண்டு விற்றுவிட்டு, அது அப்படி இல்லாதபோது பொதுவான விலக்கு வரிக்குப் பின்னால் ஒளிய முடியாது. 2006-இல் ஒரு மோட்டார் சைக்கிள் வழக்கில் ஜெர்மனியின் உச்ச சிவில் நீதிமன்றம் சொன்னது இது. ‘ஒரிஜினல்’ என்பதை அப்படிப்பட்ட ஒப்புதலாகவே நாம் வாதிட வேண்டும். பொருள் வந்ததிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. விளம்பரம் மறைவதற்குள் அதை முழுமையாகச் சேமித்துவையுங்கள்.

இந்த வழியில் போலி என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. எனவே அந்தச் சேகரிப்பாளர் என்ன காரணம் சொன்னார் என்பது முக்கியம். ‘பின்பக்கம் 16 டிசம்பர் 1938 என்ற தேதி இல்லை’ என்பது மட்டும்தான் காரணமென்றால் நிற்காது. ஆரம்ப காலச் சிலுவைகளில் தேதிக்குப் பதிலாக ‘குழந்தை தாயை மேன்மைப்படுத்துகிறது’ என்ற வாசகம்தான் இருந்தது. பதக்கத்தின் நாடா புற ஊதா விளக்கில் ஒளிர்கிறது என்பதும் தனியாகப் போதாது. பழைய நாடாவை இன்றைய சோப்புத்தூளில் துவைத்தாலும் ஒளிரும். சான்றிதழ்த் தாள் பளீரென்று ஒளிர்ந்தால் அது வலுவான சாட்சி, ஏனென்றால் தாளில் வெண்மையூட்டிகள் (புற ஊதாவில் ஒளிரும் ரசாயனங்கள்) பரவலானது போருக்குப் பிறகு. சான்றிதழில் 16 டிசம்பர் 1938-க்கு முந்தைய தேதி இருந்தால் வேறு சாட்சியே தேவையில்லை, விருது அறிவிக்கப்பட்டதே அன்றுதான்.

இந்தக் காரணங்களைச் சேகரிப்பாளரிடமிருந்து படத்துடன் எழுத்தில் வாங்கி, 14 நாள் கெடு வைத்துப் பதிவுத் தபாலில் விற்றவருக்கு அனுப்புங்கள். பணமும் பதக்கமும் ஒரே நேரத்தில் கைமாற வேண்டும், முன்கூட்டியே பதக்கத்தை அனுப்பிவிடாதீர்கள். மறுத்தால் உள்ளூர் நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமலே வழக்குப் போடலாம். ஆனால் நீதிமன்றம் நியமிக்கும் நிபுணரின் கட்டணம் 240 யூரோவைத் தாண்டிவிடலாம். தோற்றால் அது உங்கள் தலையில்தான் விழும். சாட்சி பலமாக இல்லாமல் அந்தப் படியேற வேண்டாம்.

சரி, நீங்களே விற்கலாமா? தயவுசெய்து வேண்டாம். போலி என்று தெரிந்தபின் அசலென்று விற்றால் அது மோசடி, ஐந்து ஆண்டு வரை சிறை. ‘நகல்’ என்று சொல்லி விற்றாலும், ஸ்வஸ்திகா பொறித்த பொருளைப் பரப்பியதாகக் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவில் வழக்கு வரக்கூடும். வீட்டுப் பெட்டியில் வைத்திருப்பது குற்றமல்ல.