டப்பாவுக்குள் கரப்பான், சுவரிலும் கரப்பான்

கேள்வி: என் அரோவானா மீனுக்குத் தீனியாக லாப்ஸ்டர் ரோச் என்கிற சின்னக் கரப்பான் இருபது வாங்கி பிளாஸ்டிக் டப்பாவில் விட்டேன். ஐந்து மாதத்தில் எண்ண முடியாத அளவுக்குப் பெருகிவிட்டன. இப்போது ஹால் சுவரிலும் ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலும் திரிகின்றன. "சூடான பெட்டிக்கு வெளியே பிழைக்காது" என்று சொல்லித்தான் விற்றார்கள். அம்மா (ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுப்பவர்) தினமும் சண்டை. டப்பாவை எப்படி அடக்குவது?
- வாசகர், சேலம்

பதில்: தம்பி, அடைப்புக்குறிக்குள் ஒரு விஷயம் போட்டிருக்கிறீர்களே, கடிதத்தில் முக்கியமானதே அதுதான். கரப்பானின் எச்சமும் உரித்த தோலும் காய்ந்து தூளாகிக் காற்றில் கலக்கும். ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சிரைப்பைக் கிளப்புவதில் அதற்கு நல்ல பேர் உண்டு. நீங்கள் டப்பாவைத் திறந்து, கரப்பான் ஒளிந்துகொள்ள உள்ளே வைத்திருக்கும் முட்டை அட்டையைத் தட்டும்போது பறக்கிற புழுதி முழுக்க அதுதான். அம்மா சண்டை போடுவது அருவருப்பால் மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். டப்பா இன்றைக்கே வீட்டை விட்டுப் போகட்டும். தனி ஷெட், வெளி அறை என்று எதுவும் இல்லையென்றால் வளர்ப்பையே விட்டுவிடுங்கள், அரோவானா இறாலும் பெல்லட் என்கிற உருண்டைத் தீனியும் தின்று நன்றாகவே இருக்கும்.

விற்றவர் சொன்னது குளிர்நாட்டுக் கதை. அங்கே டப்பாவுக்கு அடியில் ஹீட்டர் வைத்தால்தான் இது குட்டி போடும், தப்பித்தால் குளிரில் முடங்கிவிடும். சேலத்தில் எந்தக் குளிர்? 30 டிகிரிதான் இந்தப் பூச்சிக்கு வேண்டியது, அதை நம் வீடு சும்மாவே கொடுக்கிறது. ஃப்ரிட்ஜ் மோட்டார் பக்கம் இன்னும் கதகதப்பு. நானும் இதை நம்பி வளர்த்தவன்தான், இன்வெர்ட்டருக்குப் பின்னால் ஒரு குடும்பமே இருந்ததைப் பார்த்த பிறகுதான் புத்தி வந்தது.

எப்படி இவ்வளவு பெருகின என்று கேட்டால், இது நம் சமையலறைக் கரப்பான் மாதிரி முட்டைக்கூட்டை எங்கேயாவது ஒட்டிவைத்துவிட்டுப் போகாது. கூட்டை வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்து, ஒன்றரை மாதம் போல ஆனதும் முப்பது குஞ்சு வரை உயிரோடு விடும். அவை மூன்று மாதத்துக்குள் வளர்ந்துவிடும். உங்கள் இருபதில் பத்து பெண் என்று வைத்தாலும் முதல் சுற்றிலேயே முந்நூறு, அதில் பாதி பெண், அப்புறம் நீங்களே போட்டுப் பாருங்கள். கர்ப்பமான ஒன்று தப்பித்தால் போதும். கண்ணாடியிலும் ஏறும், காலில் அப்படி ஒட்டும் திண்டு இருக்கிறது.

வெளி அறை கிடைத்து, வைத்தே தீருவேன் என்றால் டப்பாவின் உள்விளிம்பில் மூன்று விரல் அகலத்துக்கு வாஸ்லின் தடவுங்கள். கோடையில் இளகி வழியும், தூசி படிந்தால் அதன் மேலேயே நடந்து போய்விடும், ஆகவே துடைத்துத் துடைத்துப் புதிதாகப் பூச வேண்டும். மூடியில் நைலான் வலை வேண்டாம், கடித்துவிடும், ஸ்டீல் கொசுவலை போடுங்கள். எறும்புக்குப் பயந்து சாப்பாட்டு அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவார்களே, அதே மாதிரி டப்பாவைச் சோப்புத் தண்ணீர் ஊற்றிய அகலத் தட்டில் ஒரு செங்கல் வைத்து அதன்மேல் வையுங்கள். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம், தவிடும் கேரட் துண்டும் போதும், மிச்சத்தை மறுநாளே எடுத்துவிடுங்கள். டப்பாவைத் தொடும்போது நீங்களும் மாஸ்க் போடுங்கள்.

உண்மையில் ஒரு மீனுக்கு இத்தனை எதற்கு? டூபியா என்று ஒரு வகை இருக்கிறது, கொஞ்சம் பெரியது, மெதுவாகத்தான் பெருகும், வழவழப்பான பிளாஸ்டிக்கில் ஏறத் தெரியாது. உங்களுக்கு முதலிலேயே அதைத்தான் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் அம்மா இருக்கும் வீட்டுக்குள் அதுவும் வேண்டாம், அதன் புழுதியும் புழுதிதான்.

ஏற்கெனவே வெளியே திரிபவற்றுக்கு ஸ்ப்ரே அடித்துவிடாதீர்கள். அம்மாவின் மூச்சுக்கும் ஆகாது, அந்த மருந்துகளில் பெரும்பாலானவை மீனுக்குக் கடும் விஷம், தொட்டியில் துளி படிந்தாலே ஆபத்து. ஃப்ரிட்ஜ் பின்னால், சிங்க் அடியில் கரப்பான் ஜெல்லை (கரப்பான் தின்று சாகிற விஷப் பசை) பொட்டுப் பொட்டாக வைத்துச் சில வாரம் பொறுங்கள். ஜெல் வைத்த நாளிலிருந்து சுவரில் பிடித்த எதையும் "சும்மா போகுதே" என்று அரோவானாவுக்குப் போடாதீர்கள்.