ஒஹாஷியின் 10 மார்க்

வணக்கம்.

அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை கேட்லின் ஒஹாஷி ஆடும் வீடியோவை என் மகள் காட்டினாள். முழுசாக 10 மார்க் வாங்கியவர் ஏன் ஒலிம்பிக்குக்குப் போகவில்லை? கல்லூரி முடிந்ததும் என்ன ஆனார்? மகள் அதே மாதிரி செய்து பார்க்கிறேன் என்று வேறு நிற்கிறாள்.

— ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

ஒலிம்பிக்கில் மார்க் போடும் கணக்கே வேறு. நீங்கள் பார்த்தது 2019 ஜனவரி 12 அன்று கலிஃபோர்னியாவின் அனாஹைமில் யூசிஎல்ஏ (லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) அணிக்காக அவர் ஆடியது. அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகளில் உச்சமே 10தான். ஆட்டத்தில் தேவையான கடினம் இருந்துவிட்டால், அதற்கு மேல் கடினம் சேர்த்துப் பயனில்லை; நடுவர் பிழையைத்தான் தேடுவார். கரணம் போட்டு இறங்கும்போது பாதம் லேசாக நகர்ந்தால் 0.1 வரை போகும், விழுந்தால் 0.5. சர்வதேசப் போட்டிகளில் 2006 முதல் கடினத்துக்குத் தனி மார்க், அதற்கு உச்சவரம்பு கிடையாது. அதனால் அங்கே ஆபத்தான வித்தைகளைச் சேர்த்துக்கொண்டே போகவேண்டியிருக்கிறது.

அங்கேயும் அவர் சாதாரண ஆள் இல்லை. 2013இல் அமெரிக்கன் கப் என்ற சர்வதேசப் போட்டியில், பின்னாளில் ஒலிம்பிக் தங்கம் வென்ற சிமோன் பைல்ஸை இரண்டாம் இடத்துக்குத் தள்ளி ஜெயித்தார். 2012 லண்டனுக்கு வயது போதவில்லை: அந்த ஆண்டுக்குள் 16 ஆகியிருக்க வேண்டும், அவருக்கு 15. 2016 ரியோவுக்கு முன்பே முதுகும் தோளும் கெட்டுவிட்டன, தோளில் அறுவை சிகிச்சையும் நடந்தது. தன் உடல் எடையைப் பிறர் சொல்லிச் சொல்லிக் காயப்படுத்தியதையும் பின்னாளில் வெளிப்படையாகப் பேசினார். யூசிஎல்ஏவில் பயிற்சியாளர் வேலரி கோண்டோஸ் ஃபீல்டு, ஜிம்னாஸ்ட் அல்ல, பாலே ஆடியவர். அந்த அணி 2018இல் தேசியப் பட்டம் வென்றது. கல்லூரிக்கு வந்ததை ஒஹாஷியின் இறக்கம் என்று எழுதுவதை என்னால் ஏற்கவே முடியாது. அவர் மறுபடி ஆசையோடு ஆடியது அங்கேதான்.

ஆறாத விஷயம் பணம். அந்த வீடியோவை உலகமே பார்த்தபோதும், கல்லூரி வீரர்கள் தம் புகழை வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கக் கூடாது என்பது விதி. அதை மாற்றும் கலிஃபோர்னியா சட்டம் கையெழுத்தானது 2019 செப்டம்பரில். தேசிய அளவில் விதி தளர்ந்தது 2021 ஜூலையில். அதற்குள் அவர் கல்லூரியில் ஆடி முடித்துவிட்டார். கூடைப்பந்துக்கு இருப்பதுபோல இந்த ஆட்டத்தில் கல்லூரிக்குப் பிறகு சேர பெரிய தொழில்முறை லீக்கும் இல்லை. கல்லூரிக்குப் பிறகு அவர் உடற்கேலிக்கு எதிராகவும் வீரர்களின் ஊதியத்துக்காகவும் பேசினார். 2021இல் பைல்ஸின் சுற்றுப்பயணக் காட்சிகளிலும் ஆடினார்.

இனி உங்கள் மகள் விஷயம். ஒஹாஷி தாவி, இரண்டு கால்களையும் நேர்கோடாக விரித்தபடியே தரையில் விழுந்து, பந்துபோல எழும்புவாரே, அதை வீட்டில் தொடவே வேண்டாம். அவர் ஆடும் 12 மீட்டர் சதுரத் தளத்தின் அடியில் சுருள்வில்களும் அதன்மேல் நுரையும் உண்டு. சிமென்ட் தரையில் பாயை விரித்து விழுந்தால் முழு எடையும் தொடையின் பின்தசையிலும் இடுப்பு மூட்டிலும் இறங்கும், தசை கிழியலாம். முதலில் உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, உட்கார்ந்தபடி மெல்ல மெல்லக் கால் விரிக்கப் பழகட்டும். தாவுவதைப் பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள்.