கோலமும் கோடிங்கும்: எந்தத் துறையில் பிஎச்.டி. செய்வது?

கேள்வி: எனக்கு 29 வயது. மதுரையில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் 78 சதவீதத்தில் முடித்துவிட்டு ஏழு வருடமாக பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். சிறு வயதிலேயே அப்பத்தாவிடம் சிக்குக்கோலம் கற்றுக்கொண்டேன். புள்ளி எண்ணிக்கையைக் கொடுத்தால் தானாகவே சிக்குக்கோலம் போடும் நிரல் ஒன்றை, படம் வரைய உதவும் பி5.ஜேஎஸ் என்ற நிரல் கருவியில் எழுதி, போன மார்கழியில் எங்கள் தெருவில் புரொஜெக்டர் வைத்துத் தரையில் ஓடவிட்டேன். தெருவே கூடி நின்று பார்த்தது. அப்பத்தா மட்டும் ஒரு வளைவைக் காட்டி, "இந்த இடத்துல கை இப்படித் திரும்பாதுத்தா" என்றார். கலை, டிஜிட்டல் ஊடகம், கம்ப்யூட்டர் மூன்றையும் சேர்த்து பிஎச்.டி. செய்ய ஆசை. கம்ப்யூட்டர் துறையில் கேட்டால் இது கலை என்கிறார்கள். கவின்கலைத் துறையில் கேட்டால் உங்களிடம் கலைப் பட்டம் இல்லையே என்கிறார்கள். எங்கே சேர்வது? செலவுக்கு என்ன செய்வது? "இத படிச்சு என்ன வேலைக்குப் போவ?" என்று அப்பா கேட்கிறார். நான் என்ன சொல்வது? (வாசகி, மதுரை)

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் அப்பத்தா சொன்ன அந்த ஒரு வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தின் மையமே அதுதான்.

முதலில் கொஞ்சம் கடினமான செய்தி. புள்ளிகளைக் கொடுத்தால் கோலம் போடும் நிரல் என்பது மட்டும் பிஎச்.டி. ஆகாது. அதன் அடிப்படை வேலை ஐம்பது வருடத்துக்கு முன்பே நம் ஊரிலேயே நடந்துவிட்டது. தாம்பரம் சென்னை கிறித்துவக் கல்லூரியில் இருந்த கிஃப்ட் சிரோமணியும், ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோரும் சேர்ந்து 1974ல் கோலத்தின் இலக்கணம் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். வாக்கியத்துக்கு இலக்கணம் இருப்பதுபோல கோலத்துக்கும் உண்டு, சில விதிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் ஒரு சின்னக் கோலத்திலிருந்து அதே குடும்பத்துப் பெரிய கோலங்களை எத்தனை வேண்டுமானாலும் உருவாக்கலாம் என்று காட்டினார்கள். கம்ப்யூட்டர் மொழிகளை விளக்கப் பிறந்த கோட்பாட்டை வாசல் கோலத்தோடு கொண்டுபோய்ச் சேர்த்த வேலை அது. இதைக் கேட்டுச் சோர்ந்துபோகாதீர்கள். நீங்கள் செய்ய நினைப்பது விளையாட்டு என்று யாராவது சொன்னால் காட்டுவதற்கு உங்களுக்கு முன்னோர்கள் இருக்கிறார்கள்.

இப்போது அப்பத்தாவிடம் வருவோம். உங்கள் நிரல் போட்ட வளைவு கணக்குப்படி சரியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் கோலம் போடுகிறவருக்கு மணிக்கட்டு இருக்கிறது, குனிந்த முதுகு இருக்கிறது, விரலிடுக்கில் எடுத்த மாவு எவ்வளவு தூரம் வரும் என்ற அளவு இருக்கிறது. எந்தப் பக்கம் நின்று ஆரம்பித்தார், எந்த இடத்தில் காலை மாற்றி வைத்தார் என்பதெல்லாம் கோட்டின் ஓட்டத்தைத் தீர்மானிக்கிறது. இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். சிக்குக்கோலத்தில் ஓர் இழை வழி தப்பிவிட்டால் எல்லோரும் அழித்துவிடுவதில்லை. கொஞ்சம் யோசித்து, தப்பிய இழையையே வேறு பக்கம் வளைத்துக் கோலத்தை மூடிவிடுகிறவர்கள் உண்டு. தப்பு நடந்த அந்த நொடியில் அவர்கள் மனதில் என்ன ஓடுகிறது? கைக்கு முதலில் தெரிகிறதா, கண்ணுக்கா? ஒரு நிரல் கூடவே வரைந்து, தானும் தப்பு செய்து, எதிரில் இருப்பவரின் தப்பையும் சேர்த்து மூடக் கற்றுக்கொண்டால் அது எப்படி இருக்கும்?

இது ஒரு பிஎச்.டி. கேள்வி. இதற்குப் பதில் தேட நீங்கள் ஐம்பது பாட்டிகளோடு உட்கார வேண்டும், கையசைவைப் பதிவுசெய்ய வேண்டும், நிரல் எழுத வேண்டும், மறுபடி தெருவில் கொண்டுபோய் வைத்துப் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டரை எடுத்துவிட்டாலும் இந்தக் கேள்வி நிற்காது, அப்பத்தாவை எடுத்துவிட்டாலும் நிற்காது. உங்களுக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்கலாம். ஆனால் அதையும் இப்படி எடுத்துப் பார்த்துச் சோதித்துவிடுங்கள். ஒன்றை எடுத்த பிறகும் கேள்வி முழுசாக நிற்கிறதென்றால், நீங்கள் அந்த ஒரு துறையிலேயே நிம்மதியாகச் சேர்ந்துவிடலாம்.

கலைஞரின் புலன் கண்டுபிடித்ததைக் கம்ப்யூட்டர் துறை பின்னால் எடுத்துக்கொண்ட கதைகள் நிறைய. எனக்குப் பிடித்தது ஜான் சௌனிங்குடையது. ஸ்டான்ஃபோர்டில் இருந்த இசையமைப்பாளர் அவர். 1967ல் கம்ப்யூட்டரில் ஒரு ஒலியின் சுருதி ஏறி இறங்கும் நடுக்கத்தை மேலும் மேலும் வேகப்படுத்திக் கேட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு கட்டத்தில் அது நடுக்கமாகக் கேட்காமல் முற்றிலும் புதிய நாதமாக மாறியதைக் கவனித்தார். அந்த முறையை யமஹா நிறுவனம் உரிமம் பெற்று எடுத்துக்கொள்ள, 1983ல் டிஎக்ஸ்7 என்ற கீபோர்டு வந்து உலகம் முழுக்க விற்றது. அவர் காது இசைக்குப் பழகிய காது.

சரி, எந்தத் துறை என்ற கேள்விக்கு வருகிறேன். இந்தப் படிப்புக்கு ஒரே வீடு எங்குமே கிடையாது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் மீடியா லேப் என்ற ஆய்வகத்தின் படிப்பு அங்கே கட்டடக்கலைப் பள்ளிக்குள் இருக்கிறது. ஜார்ஜியா டெக்கில் டிஜிட்டல் மீடியா பிஎச்.டி. இலக்கியமும் ஊடகமும் சேர்ந்த துறையில். சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டிஎக்ஸ்ஆர்ட்ஸ் என்ற டிஜிட்டல் கலைத் துறை கலைஞர்களுக்கானது. சாண்டா பார்பராவில் இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பொறியியலும் கலைப் பிரிவும் சேர்ந்து நடத்துகின்றன. அங்கே ஆல்லோஸ்பியர் என்று மூன்று மாடி உயரத்தில் ஓர் உருண்டை இருக்கிறது. நடுவில் பாலம்போல ஒன்றில் நின்றுகொண்டால் சுற்றிலும் படமும் ஒலியும். இவை எல்லாம் ஒரே மாதிரியான படிப்புகள்தான். உங்களை இரண்டு துறைக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள் என்றால் நீங்கள் கேட்டது தப்பு என்று ஆகாது.

அதனால் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடாதீர்கள், கைடைத் தேடுங்கள். இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். நானும் இதுபோல இரண்டு துறைக்கு நடுவில் ஆய்வு செய்தவன். பெயர் பெற்ற இடம் என்று ஒன்றில் சேர்ந்தேன். என் கைடு நல்ல மனிதர், கம்ப்யூட்டரில் பெரிய ஆள். ஆனால் நான் நாடகக்காரர்களோடு செலவழித்த நாட்களையெல்லாம் ஆய்வுக்கு முந்தைய வேலையாகத்தான் அவரால் பார்க்க முடிந்தது. கைடை மாற்றும்போது பதினாலு மாதம் கையைவிட்டுப் போய்விட்டது. நீங்கள் ஒருவருக்கு மின்னஞ்சல் எழுதும் முன் அவருடைய மாணவர்களின் ஆய்வேடுகளில் இரண்டையாவது திறந்து பாருங்கள். அவற்றில் செய்து காட்டிய படைப்பு ஆய்வின் பகுதியாக இருக்கிறதா, பின்னிணைப்பில் கிடக்கிறதா என்று பாருங்கள். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் படைப்பையோ கண்காட்சியையோ எழுத்தோடு சேர்த்து ஆய்வேடாகக் கொடுக்கும் வழி பல இடங்களில் உண்டு. இந்தியாவில் பெரும்பாலும் எழுத்துதான். இதை முதல் பேச்சிலேயே கேட்டுவிடுங்கள். அப்புறம் அவருடைய மாணவர் ஒருவரிடம் தனியாகப் பேசுங்கள்.

வெளிநாடுதான் போக வேண்டும் என்று இல்லை. ஐஐடி பம்பாயின் ஐடிசி என்ற வடிவமைப்புப் பள்ளி, ஐஐடி குவாஹாத்தியின் வடிவமைப்புத் துறை, அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் (என்ஐடி) மூன்றிலும் பிஎச்.டி. உண்டு. கலைப் பட்டம் இல்லை என்பதற்காக அஞ்ச வேண்டாம். இந்த இடங்கள் பொறியாளர்களுக்கு அந்நியமில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூஜிசி) 2022 விதிகளின்படி நாலு வருடப் பட்டத்தில் 75 சதவீதம் எடுத்தவர்கள் முதுகலை இல்லாமலே பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம். உங்களுக்கு 78 இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று தகுதி விதி வைத்திருக்கும், அந்த வருட அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். எம்ஐடி மீடியா லேபில் பெரும்பாலும் முதலில் மாஸ்டர்ஸ், அப்புறம்தான் பிஎச்.டி.

நம் கலையை இந்த வழியில் ஆராய்ந்த நல்ல முன்னுதாரணமும் இருக்கிறது. பார்சிலோனாவில் சேவியர் செர்ரா தலைமையில் 2011லிருந்து 2017 வரை காம்ப்மியூசிக் என்றொரு ஆய்வுத் திட்டம் நடந்தது. மேற்கத்திய இசையை மட்டும் வைத்து உருவான மென்பொருள்கள் கர்நாடக இசைக்கும் துருக்கிய இசைக்கும் பொருந்தாது, அந்தந்த மரபின் உள்ளேயிருந்து தொடங்க வேண்டும் என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட விஷயம். ஐஐடி மெட்ராஸில் ஹேமா மூர்த்தியின் குழுவும் அதில் இருந்தது. அந்த ஆய்வேடுகளைத் தேடிப் படியுங்கள். ஒரு மரபை அவமதிக்காமல் எப்படிக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவருவது என்று அங்கே பார்க்கலாம்.

பணத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. பிஎச்.டி.க்காகக் கடன் வாங்காதீர்கள். உதவித்தொகை இல்லாத இடம் கிடைத்தால் மறுத்துவிட்டு அடுத்த வருடம் முயலுங்கள். மீடியா லேபில் ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்கிறவர்களுக்குக் கல்விக் கட்டணமும் மாதச் செலவும் கிடைக்கின்றன. இங்கே நெட் தகுதித் தேர்வு எழுதி ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023லிருந்து மாதம் 37,000 ரூபாய். உங்கள் இப்போதைய சம்பளத்தோடு ஒப்பிட்டால் குறைவுதான். வீட்டில் உங்களை நம்பி எவ்வளவு ஓடுகிறது என்று உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள்.

அப்பாவின் கேள்வி நியாயமான கேள்வி. முடித்தவர்கள் கல்லூரி ஆசிரியர்களாக, நிறுவனங்களின் ஆய்வுப் பிரிவுகளில், அருங்காட்சியகங்களுக்கான வேலைகளில், தனிக் கலைஞர்களாக என்று பல பக்கம் போகிறார்கள். உறுதியான வேலை என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. ஆனால் கையில் ஏழு வருட மென்பொருள் அனுபவம் இருக்கிறது, திரும்பி வரக் கதவு இருக்கிறது என்று அவரிடம் சொல்லலாம். அது உண்மையும்கூட.

உங்களுக்கு டாக்டர் பட்டம் தேவைதானா என்றும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். பி5.ஜேஎஸ்ஸுக்கு மூலமான பிராசஸிங் என்ற நிரல் கருவியை 2001ல் மீடியா லேபில் தொடங்கியவர்கள் கேசி ரியாஸ், பென் ஃப்ரை என்ற இரண்டு மாணவர்கள். ஃப்ரை அங்கேயே இருந்து 2004ல் பிஎச்.டி. முடித்தார். ரியாஸ் மாஸ்டர்ஸோடு வெளியே வந்து கலைஞரானார், கலிஃபோர்னியாவில் பேராசிரியராகவும் இருக்கிறார். கோலங்களைச் செய்துகொண்டே இருப்பதுதான் உங்கள் ஆசை என்றால் ரியாஸின் வழி போதும். அப்பத்தா சொன்னதற்கு என்ன காரணம் என்று தெரியாமல் தூக்கம் வராது என்றால் ஃப்ரையின் வழி.

உடனே செய்ய வேண்டியது இரண்டு பக்கம் எழுதுவது. முதல் பக்கத்தில் அந்த மார்கழி இரவும் அப்பத்தா சொன்ன வாக்கியமும் இருக்கட்டும். இரண்டாவதில் உங்கள் கேள்வி. கூடவே தெருவில் எடுத்த வீடியோவில் மூன்று நிமிடம். அமெரிக்க விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பர் முதல் பாதியில் முடிந்துவிடும். அதற்குள் அனுப்பிவிட்டு விடுப்பு போட்டு ஊருக்குப் போய்விடுங்கள். மார்கழி பிறக்கும்போது வாசலில் கேமராவோடு நீங்கள் அப்பத்தா பக்கத்தில் இருக்க வேண்டும்.