தேதி கிடக்கட்டும், டைம் டேபிள் எங்கே?

கேள்வி: கிளாம்பாக்கம் ரயில் நிலையத்தை எப்போதுதான் திறப்பார்கள்? 'இதோ அடுத்த மாதம்' என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அது மட்டும் திறந்துவிட்டால் தென்மாவட்டத்துக்காரர்களின் கஷ்டம் மொத்தமும் தீர்ந்துவிடும். இதைப் பற்றி நீங்கள் ஏன் ஒரு வரிகூட எழுதுவதில்லை?
– வாசகர் ஒருவர், பெரம்பூர்

பதில்: தேதி சொல்லி உங்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. சொன்ன கெடுவெல்லாம் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும்போது என் பங்குக்கு நான் வேறு ஒன்றைச் சேர்ப்பானேன்? ஆனால் 'திறந்துவிட்டால் மொத்தமும் தீர்ந்துவிடும்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதில்தான் எனக்கு உங்களோடு சண்டை.

நடந்ததை வரிசையாகப் பாருங்கள். 2019 பிப்ரவரியில், எடப்பாடி பழனிசாமி முதல்வராக இருந்தபோது, சென்னையின் தெற்கு எல்லையில் தென்மாவட்ட பஸ்களுக்கான கிளாம்பாக்கம் பஸ் நிலையத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 88 ஏக்கர், ஏறத்தாழ 393 கோடி ரூபாய். 2023 டிசம்பர் 30 அன்று மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார். அடுத்த ஒரு மாதத்துக்குள் அரசு விரைவு பஸ், ஆம்னி பஸ், மற்ற போக்குவரத்துக் கழக பஸ் என்று தெற்கே போகிற வண்டிகளைக் நகருக்குள் இருந்த கோயம்பேடு பஸ் நிலையத்திலிருந்து கிளப்பி இங்கே கொண்டுவந்துவிட்டார்கள். கடற்கரை–செங்கல்பட்டு ரயில் பாதையோ, சென்னையிலிருந்து தெற்கே போகிற ஜிஎஸ்டி நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில், அடிக்கல் நாட்டிய நாளிலும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அங்கே, வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவில், ஒரு ஸ்டேஷன் கட்ட, பஸ் நிலையத்தைக் கட்டிய சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) ரயில்வேக்குப் பணம் கட்டியது பஸ் நிலையம் திறந்ததை ஒட்டித்தான். எவ்வளவு? சுமார் 20 கோடி. அந்த 393 கோடிக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். விலை குறைந்த வேலை, ஆனால் ஜனங்கள் வந்துசேர்வதற்கு அதுதான் வழி. அதைக் கடைசியில் வைத்துக்கொண்டார்கள். பந்தி நடந்துகொண்டிருக்கும்போது இலை வாங்க ஆள் அனுப்புகிற கதை.

இதில் கட்சி வித்தியாசமெல்லாம் கிடையாது, தயவுசெய்து அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். கோயம்பேட்டிலும் இதே கூத்துதான். அந்தப் பஸ் நிலையம் 2002-இல் திறந்தது. வாசலில் மெட்ரோ வந்து நின்றது 2015-இல். நடுவில் பதின்மூன்று வருடம் பெட்டியும் படுக்கையுமாக ஆட்டோக்காரரிடம் பேரம் பேசியவர்களுக்கு யாரும் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. கிளாம்பாக்கத்துக்கு விமான நிலையத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டருக்கு மெட்ரோவும் வரும் என்கிறார்கள். வரட்டும். அதற்கும் ஒரு கேள்வி அனுப்புவீர்கள், அப்போது இந்தப் பக்கத்தில் யார் இருக்கிறாரோ அவர் பதில் சொல்வார்.

சரி, ஸ்டேஷன் திறந்துவிட்டது, ரிப்பன் வெட்டியாயிற்று, இனிப்பும் கொடுத்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். தென்மாவட்ட பஸ்ஸுக்குப் போகிறவர் எப்போது வீட்டிலிருந்து கிளம்புகிறார்? வெள்ளிக்கிழமை வேலை முடிந்து, ஏழு எட்டு மணிக்கு. பஸ் ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள். திரும்பி வருகிறவர் எப்போது இறங்குகிறார்? விடியற்காலை, மூன்றிலிருந்து ஆறுக்குள், தூக்கக் கலக்கத்தோடு, தோளில் பிள்ளையோடு, ஊரிலிருந்து அம்மா கட்டிக்கொடுத்த அரிசி மூட்டையோடு. இந்த இரண்டு நேரத்திலும் பிளாட்பாரத்தில் ரயில் நின்றால்தான் அது ஸ்டேஷன். மத்தியானம் இரண்டு மணிக்கு வருகிற ரயில் படம் எடுக்க நன்றாக இருக்கும்.

இங்கேதான் யாரும் பேசாத சங்கதி ஒன்று இருக்கிறது. கடற்கரையிலிருந்து புறப்படுகிற மின்சார ரயில்களில் நிறைய தாம்பரத்தோடு நின்றுவிடும். செங்கல்பட்டு வரை போகிறவை குறைவு. கிளாம்பாக்கம் இருப்பது தாம்பரத்துக்கு அப்பால். ஆக மாம்பலத்தில் நின்றுகொண்டு 'ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒன்று வருமே' என்று நினைக்கிறவர் தாம்பரத்தில் இறங்கி மறு வண்டிக்குக் காத்திருப்பார், எதிரில் மாநகரப் பஸ் நின்றால் ரயிலை விட்டுவிட்டு அதிலேயே ஏறிவிடுவார், இன்றைக்கு என்ன செய்கிறாரோ அதையேதான். நள்ளிரவு தாண்டியதும் சில மணி நேரம் மின்சார ரயிலே ஓடாது; மதுரை பஸ் முன்னதாக வந்துவிட்டால் உங்களுக்குப் பிளாட்பாரமும் கொசுவும்தான் துணை. விடிந்தபிறகாவது நிறைய விடலாமே என்றால், தெற்கேயிருந்து வருகிற எக்ஸ்பிரஸ்கள் எழும்பூரையும் தாம்பரத்தையும் நோக்கி வரிசைகட்டி வருவதும் அதே நேரம், அதே தடம். தாம்பரம்–செங்கல்பட்டுக்கு நடுவில் மூன்றாவது பாதை போட்டதால் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைத்திருக்கிறது. அந்த இடத்தை எத்தனை மின்சார ரயிலுக்குக் கொடுக்கப்போகிறார்கள், எந்த நேரத்தில்? இதைத்தான் நீங்கள் கேட்கவேண்டும். நீங்களோ தேதி கேட்கிறீர்கள். தேதியை அவர்களுக்கும் பிடிக்கும், மாற்றிக்கொண்டே இருக்கலாம்.

அப்புறம் அந்த நடைமேம்பாலம். பஸ் நிலையத்திலிருந்து ஜிஎஸ்டி சாலைக்கு மேலாக ஸ்டேஷனுக்குச் சுமார் 400 மீட்டர். ஸ்டேஷன் தயாராகி இது தயாராகாவிட்டால், அந்தச் சாலையை இரவு பத்து மணிக்கு லாரிகளுக்கு நடுவே கடக்கச் சொல்வார்களா? தயாரானாலும் எஸ்கலேட்டர் ஓடவேண்டும், லிஃப்ட் ஓடவேண்டும். 'நகரும் படிக்கட்டு பழுது' என்று ஒரு அட்டை தொங்கினால் முழங்கால் வலிக்காரருக்கு அந்த ஸ்டேஷன் இன்னும் திறக்கவில்லை என்றே அர்த்தம். நான் மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்கரை–வேளச்சேரி பறக்கும் ரயில் பக்கம் போய்ப் பாருங்கள். 1995-இல் சேப்பாக்கம் வரையிலும் 2007-இல் வேளச்சேரி வரையிலும் திறந்தார்கள். எவ்வளவு பெரிய பெரிய கட்டடங்கள்! உள்ளே காற்றாடும். கட்டடத்தில் குறையில்லை, பக்கத்துத் தெருவிலிருந்து உள்ளே வருகிற வழியிலும் பஸ் வந்து நிற்கிற இடத்திலும்தான் கோட்டைவிட்டார்கள். அதே பாதையைப் பரங்கிமலையோடு சேர்க்கிற ஐந்து கிலோமீட்டர், ஆதம்பாக்கத்தில் அரை கிலோமீட்டர் நிலத்துக்காகப் பல வருடம் அந்தரத்தில் நின்றதையும் மறந்துவிடக்கூடாது.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த ஊரில் பஸ்ஸும் ரயிலும் சேர்கிற உருப்படியான இடத்தை அரசாங்கத்துக்கு முன்பே ஜனங்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். பெருங்களத்தூர். கோயம்பேடு காலத்தில் தெற்கேயிருந்து வந்த பஸ்ஸில் பாதிப் பேர் அங்கேதான் இறங்குவார்கள். சாலையோரத்திலேயே ஸ்டேஷன். அங்கேயும் தாம்பரத்தைத் தாண்டியதால் ரயில் குறைவுதான், ஆனால் ரயில் இல்லையென்றால் ஏறிக்கொள்ள மாநகரப் பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் அதே இடத்தில் நின்றன, டீக்கடையும் திறந்திருந்தது. அடிக்கல் இல்லை, பெயர்ப் பலகை இல்லை, கழிப்பறையும் நிழற்குடையும்கூட ஒழுங்காக இல்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி அந்த நெரிசல் ஒரு நரகம், மறுக்கவில்லை. இருந்தாலும் இறங்கினால் அடுத்த வண்டி நாலு எட்டில் இருந்தது. 88 ஏக்கரில் பளிங்குத் தரை போட்டவர்கள் இந்த நாலு எட்டை அளந்துபார்த்திருக்கலாம்.

யாரைக் கேட்பது என்பீர்கள். பஸ் நிலையம் சிஎம்டிஏ, ஸ்டேஷன் தெற்கு ரயில்வே, சாலை நெடுஞ்சாலைக்காரர்கள், மாநகரப் பஸ் போக்குவரத்துக் கழகம், நாளைக்கு மெட்ரோ வந்தால் அது இன்னொரு நிறுவனம். ஒருவரைக் கேட்டால் அடுத்தவரைக் கைகாட்டுவார். இவர்கள் எல்லாரையும் ஒரே மேசையில் உட்காரவைக்கத்தான் 'கும்டா' என்று ஓர் ஆணையம், முதல்வரே தலைவர். சட்டம் 2010-இல் வந்தது, முதல் கூட்டம் 2022-இல் நடந்தது. பன்னிரண்டு வருடம் மேசை காலியாக இருந்தது! ஆனால் இப்போது உயிரோடு இருக்கிறது. 2025 செப்டம்பரில் பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே செயலியில் டிக்கெட் எடுக்க 'சென்னை ஒன்' கொண்டுவந்தார்கள், அதைப் பாராட்டத்தான் வேண்டும். டிக்கெட்டைச் சேர்க்க முடிந்தவர்களால் நேரத்தைச் சேர்க்க முடியாதா? திருச்சி பஸ் வந்து நின்ற கால் மணி நேரத்தில் கடற்கரைக்கு ஒரு ரயில், அதைத் தவறவிட்டவருக்கு மாநகரப் பஸ், இதை ஒரு அட்டையில் எழுதி பஸ் நிலைய வாசலில் மாட்ட வேண்டும். 2024 பிப்ரவரியில் பஸ் இல்லை என்று நள்ளிரவில் அங்கே மறியல் நடந்ததே, அந்த ஜனங்கள் கேட்டதும் இவ்வளவுதான்: இந்த நேரத்துக்கு வண்டி உண்டா, இல்லையா?

கடைசியாக, உங்களுக்கு மட்டும். பெரம்பூர்க்காரர் நீங்கள். ஸ்டேஷன் நாளைக்கே திறந்தாலும் சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் ஸ்டேஷனில் இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பார்க் ஸ்டேஷனுக்கு மாறி, நின்றுகொண்டே போய், தாம்பரத்தில் இன்னொரு தடவை மாறவேண்டி வரலாம். பொங்கலுக்கு ஊருக்குப் போவதாக இருந்தால் முதலில் மாதவரம் பஸ் நிலையத்தை விசாரியுங்கள், தெற்கே போகிற பஸ்கள் சில அங்கேயிருந்தும் கிளம்புகின்றன, உங்களுக்கு அது பக்கம். அதில் இடமில்லை என்றால் தாம்பரம் வரை மின்சார ரயில், அங்கேயிருந்து மாநகரப் பஸ். பண்டிகைக்கு முந்தின நாள் ஜிஎஸ்டி சாலையை நம்பவேண்டாம், இரண்டு மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிடுங்கள்.