பிளஸ் ஒண்ணுக்கு என்ன மதிப்பு? ஆர்பிஜி ரூல்ஸ் எழுதுறவங்க கேட்ட கேள்விகள்

சொந்தமா ரோல்பிளேயிங் கேம் (ஆர்பிஜி, ஆளுக்கொரு பாத்திரமா கதைக்குள்ள ஆடற ஆட்டம்) எழுதிட்டு இருக்கவங்க கேள்வி அனுப்புங்கன்னு சொன்னாலும் சொன்னேன், வந்ததுல பாதிக்கு மேல டைஸ் மாடிஃபையர் (விழுந்த எண்ணோட கூட்டற, கழிக்கற +1, −1) பத்திதான். ஒரே மாதிரி இருந்ததை எல்லாம் சேத்து ஒண்ணாக்கி இருக்கேன்.

கேள்வி: இத்தனை நாள் டி20 (இருபது முக டைஸ்) வச்சு ஆடினோம், இப்ப 2டி6க்கு (ரெண்டு ஆறு முக டைஸைக் கூட்டறது) மாத்திட்டேன். பழைய +1, +2 எல்லாத்தையும் அப்படியே விட்டுடலாமா?

விட்டுடாதீங்க, கண்டிப்பா அடி வாங்குவீங்க. டி20ல இருபது முகமும் சமம், அதனால +1 போட்டா கிட்டத்தட்ட எல்லா இடத்துலயும் 5 சதவீதம்தான் ஏறும். ரெண்டு டைஸைக் கூட்டுனா கதை வேற. இது நம்ம பாட்டிங்களுக்கே தெரியும், தாயக்கட்டை உருட்டும்போது 3 சும்மா சும்மா விழும், 12 மட்டும் வரவே வராது. ரெண்டு கட்டையிலயும் சேத்து 16 விதமா விழலாம், அதுல 3 வர்றது 4 விதம், 12க்கு ரெண்டுமே வெறுமையா விழணும், அது ஒரே ஒரு விதம்.

2டி6லயும் அதே கதைதான். மொத்தம் 36 விதம், 7 வர்றது 6 விதம், 12 வர்றது 1. டிராவலர் கேம் 1977லயே 8ஓ அதுக்கு மேலயோ எடுத்தா ஜெயிப்புன்னு வச்சுது, அதையே எடுத்துக்குவோம். மாடிஃபையர் இல்லாம 42 சதவீதம். +1 குடுத்தா 58, +2க்கு 72, +3க்கு 83, +4க்கு 92. முதல் +1 மட்டும் 16 சதவீதத்துக்கு மேல தூக்குது பாருங்க, அது டி20ல +3க்கும் மேல. அப்புறம் போகப் போக தேயுது. எங்க டேபிள்ல ஒருத்தர் கத்திக்கு +2, மேட்டுல நிக்கிறதுக்கு +1, பின்னாடிலேர்ந்து குத்துறதுக்கு +2ன்னு கூட்டி +5ஓட வந்து நின்னார், தோக்கணும்னா ரெண்டு டைஸ்லயும் 1 விழணும், 36ல ஒரு தடவை. அதுக்கு எதுக்கு உருட்டணும், குத்திட்டேன்னு சொல்லிட்டுப் போயிடலாமே. 2டி6னா எல்லாம் சேந்தே +3க்கு மேல போகக்கூடாதுன்னு எழுதி வைங்க. 2010ல வந்த, 2டி6 வச்சே ஆடற அபோகலிப்ஸ் வேர்ல்டு கேம்ல ஸ்டாட் (பாத்திரத்தோட திறமை எண்) எல்லாம் −2லேர்ந்து +3க்குள்ள இருக்கறது சும்மா இல்ல.

கேள்வி: அட்வான்டேஜ் (ரெண்டு டி20 உருட்டி பெருசை எடுக்கறது) எத்தனை பிளஸ்ஸுக்கு சமம்? ஒருத்தர் 3ங்கறாங்க, ஒருத்தர் 5ங்கறாங்க.

ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. சராசரி 10.5லேர்ந்து 13.8 ஆகுது, அதான் 3ன்னு சொல்றது. ஆனா டேபிள்ல யாரும் சராசரியை உருட்டறதில்ல, ஜெயிக்க எவ்ளோ வேணும்கறதுதான் விஷயம். 11 வேணும்னா 50 சதவீதம் 75 ஆகும், அது அப்படியே +5. 20தான் வேணும்னா 5லேர்ந்து 9.75, அதாவது வெறும் +1 மாதிரி. அதனால அட்வான்டேஜ் நடுவுல இருக்கவனுக்குத்தான் நல்லா கை குடுக்கும், முடியவே முடியாத காரியத்துக்கு ரொம்ப உதவாது. எனக்கு இது பிடிச்ச விஷயம், ஏன்னா எவ்ளோ அட்வான்டேஜ் குடுத்தாலும் 21ஐ எட்ட முடியாது, +1 குடுத்தா எட்டிடலாம்.

டி&டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) கேமோட ஐந்தாம் பதிப்புல (2014) இன்னொண்ணு இருக்கு, அட்வான்டேஜ் எத்தனை இருந்தாலும் ஒண்ணுதான், ஒரே ஒரு டிஸட்வான்டேஜ் (ரெண்டு உருட்டி சின்னதை எடுக்கறது) வந்தா எல்லாம் போச்சு. கணக்கு சுலபம்தான், ஆனா ஒரு அட்வான்டேஜ் கையில வந்ததும் ப்ளேயர் யோசிக்கறதை நிறுத்திடறான், எதிரி கண்ணுல மண்ணைத் தூவலாமா விளக்கை அணைக்கலாமான்னு எதுவும் கேக்க மாட்டான். அது உங்களுக்கு ஓகேயான்னு பாத்துக்கங்க.

கேள்வி: மழை, இருட்டு, சேறு, களைப்பு எல்லாத்துக்கும் சேத்து 23 மாடிஃபையர் எழுதி இருக்கேன். ஆடுறவங்க முகம் சுளிக்கறாங்க.

சுளிக்காம என்ன பண்ணுவாங்க! நானும் எழுதி இருக்கேன் அந்த மாதிரி. என்ன ஆகும்னா, டைஸ் விழுந்து தோத்தாச்சுன்னு ஜிஎம் (ஆட்டத்தை நடத்தறவர்) சொல்லி, எதிரி திருப்பி அடிக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம் மூலையிலேர்ந்து ஒரு குரல் வரும்: “அண்ணே, எனக்கு ஆசீர்வாதம் +1 இருந்துச்சே, கூட்ட மறந்துட்டேன்.” திரும்ப முதல்லேர்ந்து. டி20ல ஒரு +1 இருபது ரோலுக்கு ஒரு தடவைதான் முடிவையே மாத்தும், மீதி பத்தொம்பது தடவை சும்மா கூட்டிட்டு இருக்கீங்க.

டி&டி மூணாம் பதிப்பு (2000) போனஸுக்கு எல்லாம் ஜாதி பிரிச்சு, ஒரே ஜாதின்னா பெரும்பாலும் பெருசு மட்டும்தான் சேரும்னு வச்சுது. நல்ல யோசனை, ஆனா ஜாதியே பத்துக்கு மேல போயிடுச்சு. 2019ல வந்த பாத்ஃபைண்டர் ரெண்டாம் பதிப்பு அதை மூணா சுருக்குச்சு, பொருள், நிலைமை, சூழல் அவ்ளோதான். நீங்களும் 23ஐ மூணு கூடையில போடுங்க, கூடைக்கு ஒண்ணுதான் எண்ணணும்னு சொல்லுங்க, மழையும் சேறும் ஒரே கூடைதானே.

கேள்வி: டைஸ் பூல் சிஸ்டம் (நிறைய டைஸை ஒண்ணா உருட்டி வெற்றியை எண்ணறது), டி6ல 5, 6 விழுந்தா ஒரு வெற்றி. உதவி கிடைச்சா டைஸ் கூட்டவா, இல்ல 4 விழுந்தாலும் வெற்றின்னு சொல்லவா?

டைஸைக் கூட்டுங்க. ஒரு டைஸ் சேத்தா எல்லாருக்கும் சராசரியா மூணுல ஒரு பங்கு வெற்றி கூடும். டார்கெட்டை (வெற்றிக்கு வேண்டிய எண்) 5லேர்ந்து 4க்கு இறக்கினா ரெண்டு டைஸ் வச்சிருக்கவனுக்கு ஒரு டைஸ் சேத்த பலன், பன்னெண்டு வச்சிருக்கவனுக்கு ஆறு டைஸ் சேத்த பலன், இருக்கவனுக்கே மேல மேல குடுத்த கதைதான். ரெண்டையும் ஒரே கேம்ல வைக்கவே வைக்காதீங்க. ஷேடோரன் கேம் 1989ல டார்கெட்டை மாத்துற மாதிரிதான் வந்துச்சு, 6 விழுந்தா திரும்ப உருட்டி கூட்டணும், அதனால டார்கெட் 6ம் 7ம் ஒரே கஷ்டம்! 2005ல நாலாம் பதிப்பு வந்தப்ப 5ன்னு நிரந்தரமா வச்சுட்டு டைஸ் எண்ணிக்கையை மட்டும் மாத்தினாங்க.

கேள்வி: டைஸ்ல இருக்கறதுலயே பெரிய எண் விழுந்தா திரும்ப உருட்டி கூட்டற ரூல் வச்சிருக்கேன். டி4 ஆளு டி6 ஆளை ஜெயிச்சுட்டே இருக்கான், ஏன்?

உங்க டார்கெட் 6ன்னு நினைக்கறேன். டி6ல 6 விழ 16.7 சதவீதம். டி4ல முதல்ல 4, அப்புறம் 2 இல்ல அதுக்கு மேல, அது 18.75. ரெண்டாவது உருட்டுலேர்ந்து ஒவ்வொண்ணுலயும் 1 கழிச்சுடுங்க, டி4 12.5க்கு இறங்கிடும், டி6 அப்படியே நிக்கும்.

கேள்வி: +1 மோதிரம் குடுத்தா யாருக்கும் சந்தோஷமே இல்ல.

எனக்கே இருக்காது. ஒரு ஆட்டத்துக்கு ஒரு தடவை திரும்ப உருட்டலாம்னு குடுத்துப் பாருங்க, அந்த மோதிரத்தை எப்ப தேய்க்கறதுன்னு மூணு மணி நேரம் கையிலயே வச்சிட்டு உக்காந்திருப்பாங்க.